லூர்து சாரின் நம்பர்

லூர்து சார் போய்விட்டார். இன்று காலை, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில்.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. ஆனால் எங்கள் சைட்டில் பஸ் டிக்கெட் போட்டுவிட்டுத் திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே முழித்துக்கொண்டு நின்றவர்கள் அவர் குரலைக் கேட்டிருப்பீர்கள்…

ஒரு செல்போன் கடை மாடியில் கம்பெனி தொடங்கியபோது கஸ்டமர் கேர் என்று தனியாக எதுவும் கிடையாது. ஆபரேஷன்ஸ் ஹெட்டான அவர் சைட்டில் தன் சொந்த மொபைல் நம்பரையே போட்டுவிட்டார்.

மீட்டிங் பாதியில் அவருக்குப் போன் வரும். "அங்கேயே நில்லுங்கம்மா, வெள்ளை வண்டி. டிரைவராண்ட சொல்லிட்டேன், உங்கள வுட்டுட்டு போவமாட்டான்." அவருக்குக் கீழே வேலை பார்த்த எனக்கு எரிச்சலாக இருக்கும்.

பிறகு சென்னைக்காரர்கள் கம்பெனியை வாங்கினார்கள். லூர்து அவர்கள் புதிய வாய்ப்புகளைத் தேடிச் செல்கிறார் என்று எல்லோருக்கும் ஒரு மெயில் வந்தது.

ஐம்பத்தாறு வயதில் என்ன புதிய வாய்ப்பு? போகச் சொன்னார்கள், போனார். அவ்வளவுதான்.

அதே மெயிலின் கடைசி வரி, இனி அந்தப் பொறுப்பில் நான் இருப்பேன் என்றது.

அவருடைய கடைசி நாளில் கேக் வெட்டினோம். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவராகத்தான் வந்தார். "இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வச்சிக்கினு இருக்க? நீ நல்லா பண்ணுவம்மா."

புது டோல் ஃப்ரீ நம்பர் வந்தது. ஆனால் சைட்டின் உதவிப் பக்கத்தில் மட்டும் அவர் நம்பர் அப்படியே கிடந்தது. யாரும் கவனிக்கவில்லை, நானும்தான்.

அந்தத் தீபாவளி முடிந்து மயிலம் கோயிலுக்குப் போன வழியில் அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு கையில் சோறு, ஒரு கையில் போன். வண்டி எங்கே வருகிறது என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"சார், இன்னுமா கால் வருது?"

"வந்துக்கினேதாம்மா இருக்கு. ஒரே பேஜாரு. துன்ன வுடமாட்றானுங்க."

அந்த அலுப்பை நான் அப்படியே நம்பிவிட்டேன். மறுநாளே சைட்டிலிருந்து அவர் நம்பரை எடுக்கச் சொன்னேன். நல்லது செய்த நினைப்பு வேறு.

ஒரு வாரத்தில் கூப்பிட்டார். "ஏம்மா, சைட்டு கிட்டு டவுனா? நாலஞ்சு நாளா ஒரு போனும் வர்ல."

உண்மையைச் சொல்லியிருக்கலாம்… "தீபாவளி முடிஞ்சிடுச்சு இல்ல சார், சீசன் டல்லு" என்றேன்.

"அதானே… பொங்கலுக்கு பிக்கப் ஆயிடும் பாரு."

திரும்பப் போட ஐந்து நிமிடம் ஆகாது. ஹெட் ஆன பிறகு பழையவர் நம்பரைப் போட்டால் சென்னையில் என்ன நினைப்பார்கள் என்று பயந்தேன். போடவில்லை.

பொங்கல் வந்து போனது. அடுத்த பொங்கலும். அவர் அதன் பிறகு கேட்கவே இல்லை.

இன்று வீட்டில் அவர் தலைமாட்டு ஜன்னலில் அந்த போன் சார்ஜில் இருந்தது. யாருக்கும் பிடுங்கத் தோன்றவில்லை போல.

"தெனம் சார்ஜ் போட்டு வச்சிடுவாரும்மா. ரிங்கு வருதான்னு பாக்க, என் போன்லருந்து அடிக்கச் சொல்லுவாரு" என்றார் அவர் மனைவி.

நாளை மதியம் அடக்கம்.

சீசன் எல்லாம் நல்லாத்தான் இருந்தது சார்… நான்தான் உங்கள் நம்பரை எடுத்தேன்.

போய்ட்டு வாங்க சார்.