அதிகாலை நாலு மணிக் கூட்டம்

நான் எழுதிய ஸ்கிரிப்டே என் வேலைக்கு உலை வைக்கப் பார்த்த கதை இது. இன்று சிரித்துக்கொண்டே சொல்கிறேன். அன்று சிரிப்பு வரவில்லை.

புதுச்சேரியில் சின்ன கம்பெனி எங்களுடையது. பாரிஸில் மேசை விளக்கு விற்கும் ஒரு கடைக்கு வெப்சைட் நடத்தினோம். அதில் யாராவது கேள்வி கேட்டால் இங்கிருந்தே பிரெஞ்சில் சாட் செய்து பதில் சொல்ல வேண்டும். கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆளே இல்லை என்று கடைக்காரர் கோபமாக மெயில் போட்டார். இப்படியே போனால் வேறு கம்பெனியைப் பார்த்துக்கொள்வாராம்.

முதலாளி அந்துவான் சார் என்னைக் கூப்பிட்டார். "கூட்டம் எப்ப வருதுன்னு லாக்குல பாத்து சொல்லும்மா."

வெப்சைட்டுக்கு யார் வந்தாலும், அதை ஓட்டும் கம்ப்யூட்டரான சர்வரின் லாக் என்ற பதிவேட்டில் நேரத்தோடு ஒரு வரி விழும். அப்படி லட்சக்கணக்கான வரிகள். பெர்ல் என்ற கணினி மொழியில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்ன புரோகிராம், எழுதினேன். வரியிலிருந்து மணியை மட்டும் பிடுங்கி, எந்த மணிக்கு எத்தனை என்று கூட்டி, அதற்கேற்ப மணிக்கு ஒரு வரிசையாக நட்சத்திரக் குறி போடும். மானிட்டரில் இருபத்து நாலு வரிசை வந்து நின்றதும் பெருமை தாங்கவில்லை. ஆபீசையே கூப்பிட்டுக் காட்டினேன்.

அதிகாலை நாலு மணி வரிசைதான் எல்லாவற்றிலும் நீளம்.

"பாத்தியா?" என்றார் சார். "பாரிஸ்ல அப்ப ராத்திரி பன்னண்டரை. சாப்ட்டு முடிச்சி, நிம்மதியா உக்காந்து விளக்கு பாக்குறாங்க. திங்கக்கெழமையிலேருந்து எல்லாருக்கும் நைட் ஷிஃப்ட்."

"சார், எம் பொண்ணுக்கு நாலு வயசு. அவங்கப்பாவுக்கும் மில்லுல நைட்டு. ராத்திரில யார்கிட்ட விடறது?"

"நான் இன்னாம்மா பண்றது? நீ எழுதுன ஸ்கிரிப்ட்தான சொல்லுது."

மறுநாள் மதியம், ராஜினாமா கடிதத்துக்குக் கவர் வாங்கக் கிளம்பினேன். மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. நம் ஊரில் அந்த நேரத்தில் கடைக்குப் போனதே மடத்தனம். தெரு முழுக்க ஷட்டர் இறக்கிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள். எரிச்சலோடு நின்றபோதுதான் அந்த நட்சத்திரங்கள் ஞாபகத்துக்கு வந்தன. காலை ஆறிலிருந்து எட்டு வரை வரிசை சட்டென்று குட்டையாகி, பிறகு மறுபடி நீண்டிருந்தது. அதுவும் பாரிஸில் எல்லாரும் மதியம் சாப்பிடப் போன நேரமோ? அப்படியானால் லாக்கில் இருப்பது நம் ஊர் மணியே இல்லை.

ஆபீசுக்கு ஓடினேன். வெப்சைட்டை நானே திறந்து, லாக்கில் எனக்காக விழுந்த கடைசி வரியைப் பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தில் மதியம் ஒன்று நாற்பது. லாக்கில் அதிகாலை நாலு பத்து. வாடகை குறைவு என்று சர்வரை அமெரிக்காவில் எடுத்திருந்தோம்; அது தன் ஊர் நேரத்தை எழுதிக்கொண்டிருந்தது. கூட்டம் வந்ததெல்லாம் பாரிஸில் காலை பத்து மணிக்கு. இங்கே அது மதியம் ஒன்றரை, மொத்த ஆபீசும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருக்கும் நேரம்.

மூன்று மணிக்கு அந்துவான் சார் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். காட்டினேன். சுவர்க் கடிகாரத்தையும் மானிட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நைட் ஷிஃப்ட் வேணாங்கிற."

"வேணாம் சார். மத்தியானத் தூக்கத்தத்தான் விடணும்."

"அதுக்கு நைட் ஷிஃப்டே தேவலாமேம்மா," என்றார். ஆபீசே சிரித்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் இன்றும் சொல்வேன்: ஸ்கிரிப்ட் எண்ணித்தான் தரும். எந்த ஊர்க் கடிகாரத்தை வைத்து எண்ணியது என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

விளக்குக் கடை எங்களை விட்டுப் போகவில்லை. அந்தத் திங்கட்கிழமை மதியம் ஒன்றரைக்கு, முதல் ஆளாகச் சாட்டில் உட்கார்ந்து பதில் சொன்னவர் அந்துவான் சார்தான், கொட்டாவி விட்டுக்கொண்டே.