எவடம்?

எங்கள் வாட்ஸ்அப் வாசகர் குழுவில் நேற்று ஒருவர் அந்தப் பழைய துப்பறியும் நாவலின் அட்டையைப் போட்டு, இது யாருக்குப் பிடிக்கும் என்று கேட்டிருந்தார். பார்த்ததும் எனக்குப் பழைய கோபம் மூண்டது.

பல்கலைக்கழகத்தில் படித்தபோது, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நான் அறை எடுத்திருந்த வீட்டுக்கார அன்ரி இரவல் தந்த புத்தகம் அது.

அன்ரி முதல் நாளே, "நீர் எவடம் பிள்ளை?" என்று கேட்டார்.

"குருநகர், அன்ரி."

"குருநகரிலை எவடம்? கடற்கரைப் பக்கமோ?"

"ஓம். அப்பா கடலுக்குப் போறவர்."

"ஆ" என்றார், அவ்வளவுதான். எங்கள் பக்கம் ஊரைச் சொன்னால் சாதியும் தெரிந்துவிடும். என் அறைத்தோழி தன் ஊர் உடுவில் என்றதும் அவளுடைய பெரியம்மாவரை விசாரித்துத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

ஆனாலும் அந்த நாவல் எங்களைச் சேர்த்துவைத்தது. மழையில் அடைபட்ட பெரிய வீடு, செத்துக் கிடக்கும் வீட்டுக்காரர். மனைவி, டாக்குத்தர், சமையற்காரி என்று ஒருவரையும் விடாமல் துப்பறிவாளர் ஒரே கேள்வியைக் கேட்பார்: அந்த நேரம் எங்கே நின்றீர்கள்? அந்த நியாயம் எனக்கு அப்படிப் பிடித்திருந்தது. பின்னேரங்களில் அன்ரி, "ஆர் செய்திருப்பான் எண்டு நினைக்கிறீர்?" என்று வந்து குந்துவார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு கதைப்பேன்.

முடிக்க இரண்டு அத்தியாயம் இருக்கையில் அன்ரியின் சங்கிலி காணாமற்போனது. நேரே எங்கள் அறைக்கு வந்தார்.

"உம்மடை பையை ஒருக்காப் பாப்பம் பிள்ளை."

என்னுடையதை மட்டும். உள்ளுடுப்புவரை எடுத்து உதறினார். நான் எங்கே நின்றேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று முழுக்க நான் வளாகத்தில். காய்ச்சலென்று வீட்டில் படுத்திருந்தது அறைத்தோழி. அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கள்ளி என்ற பெயரோடு இந்த வீட்டைவிட்டுப் போகப்போகிறேனே என்று பயந்தேன்.

மறுநாள் சங்கிலி சாமியறையில், திருநீற்றுப் பெட்டிக்குப் பின்னால் கிடந்தது. தலைமுழுகப் போகையில் அன்ரியே கழற்றி வைத்தது. சிரித்துக்கொண்டு வந்தார். மன்னிப்பு மருந்துக்கும் இல்லை.

"கதையை முடிச்சிட்டீரோ? கொலைகாரன் ஆர் எண்டு நான் முதலே பிடிச்சிட்டன், தெரியுமோ!"

புத்தகத்தை அவர் கையில் கொடுத்தேன்.

"அன்ரி, உதிலை வாற துப்பறிவாளர் ஒருத்தரையும் 'நீர் எவடம்' எண்டு கேக்கேல்லை. கவனிச்சனீங்களோ?"

அவர் முகம் கறுத்தது. அந்த மாதமே நான் அறை மாறினேன். கடைசி இரண்டு அத்தியாயத்தையும் இன்றுவரை வாசிக்கவில்லை.

குழுவில் ஒரு வரி எழுதினேன்: "எனக்கு மிகவும் பிடித்த புத்தகம். முடிவுதான் தெரியாது."

உடனே யாரோ கேட்டார்: "அக்கா, நீங்கள் எவடம்?"