முனி பார்த்துக்கொண்ட சீட்டு

அழகமுத்துவை ஆண்டவன் ஆறடிக்கு மேல் வளர்த்துவிட்டான். அது அவன் கேட்டு வாங்கிய வரமல்ல. ஆனால் இலங்கையில் கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தை நடத்தும் துரைக்கு டிரைவராக வந்த பிறகு அந்த உயரமே அவனுக்குச் சாபமாகிவிட்டது.

ஜீப் என்னவோ யானை போலப் பெரிதுதான். சீட்டைப் பின்னால் தள்ளினால் கால் தாராளமாக நீளும். துரைதான் தள்ள விடமாட்டார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அவருடைய நாய் ரெக்ஸ் படுத்து வரும்.

"நாய்க்கு எடம் வேணும். நீ மடக்கிக்கோ" என்பார்.

மடக்கி மடக்கியே முழங்கால் வீங்கியது. இப்படியே ஓட்டினால் அந்தக் கால் இனி எந்த வண்டிக்கும் உதவாது என்று வரக்காப்பொல டாக்டர் சொல்லிவிட்டார். அழகமுத்து அதைத் துரையிடம் பணிவாகத்தான் சொன்னான். துரை சிரித்தார்.

"அப்ப கால்ல கொஞ்சம் வெட்டிரு!"

பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளையும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு அழகமுத்துவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அன்றிலிருந்து முனியாண்டி கோயிலில் அவன் ஏற்றிய கற்பூரமெல்லாம் ஒரே வேண்டுதலுக்குத்தான். "சாமி, என் கால் சொகமாகாட்டியும் போவுது. அந்த மனுசன் காலு ஒரு நாளு எட்டாம தவிக்கணும்."

ஏழை வயிறெரிந்து கேட்டால் தெய்வம் காது கொடுக்காமலா போகும்?

துரைக்குப் புது ஜீப் வந்தது. பழையதை விடப் பெரியது. துரை சிங்களவர்தான் என்றாலும் முனி என்றால் நடுங்குவார். போன வண்டிக்குப் பூசை போடாமல் எடுத்துப்போய் ரோட்டோர வடிகாலான கானுக்குள் விழுந்தவர் அவர். அதனால் இந்த முறை பூசாரி ஐயாவுவைக் கூப்பிட்டு முறைப்படி எல்லாம் நடந்தது. வண்டிக்குத் திருநீறு பூசியபின், சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கும்வரை உள்ளே எதையும் அசைக்கக் கூடாது. நசுக்குவதும் வண்டிக்குச் சொந்தக்காரரே. அதுதான் தோட்டத்து வழக்கம்.

காலையில் வண்டி கழுவும்போதே அழகமுத்து சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி வைத்திருந்தான். ஐயாவு அதன்மேல் திருநீறு பூசிப் பூவும் வைத்துவிட்டார்.

துரை ஏறினார். அவரோ குள்ளம். பிரேக்கை எட்டக் காலை நீட்டினார், உடம்பு வழுக்கியது. இன்னும் நீட்டினார், தலை கண்ணாடிக்குக் கீழே மறைந்தது.

"அடியே, தொரையக் காணோமே!" என்றாள் ரப்பர் பால் வெட்டும் ஜெயம்மா.

"சீட்டு முழுங்கிருச்சுக்கா!"

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். துரையின் முகம் சிவந்தது.

"அழகமுத்து, சீட்ட முன்னால தள்ளு!"

"திருநீறு பட்டிருச்சுங்க தொர. தொட்டா முனி சும்மா விடாதுங்க."

பூசாரி ஐயாவுவும் ஆமாம் என்று தலையாட்டினார். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவிலிருந்து குழந்தைகளின் தலையணைகளைக் கொண்டுவந்து துரையின் முதுகுக்குப் பின்னால் அடுக்கினார்கள். ஒன்றில் பால் வாடை. தலையணைகளில் முட்டுக்கொடுத்து, நுனிக்காலால் பெடலை மிதித்து வண்டியை நகர்த்தித் துரை பழத்தை நசுக்கினார். கணக்கப்பிள்ளைகூடத் திரும்பி நின்று சிரித்தார். அழகமுத்து மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு சிரிப்பையும் காது குளிரக் கேட்டுக்கொண்டு நின்றான்.

துரை இறங்கியதும் உறுமினார். "இப்ப தள்ளலாந்தானே?"

அழகமுத்து பூசாரியைப் பார்த்தான். ஐயாவு தொண்டையைச் செருமினார். "சாமி ஏத்துக்கிட்ட சீட்டுங்க. இனி முன்னால தள்ளுனா வண்டிக்கு ஆகாதுங்க."

போன வண்டி விழுந்த கான் துரைக்கு நினைவு வந்திருக்க வேண்டும். "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் 'சரி, சரி' முனகியபடி பின்னால் ஏறினார். சீட்டுக்குப் பின்னால் ரெக்ஸுக்கு இடமில்லை. அது அவர் மடியில் ஏறிப் படுத்து முகத்தை நக்கியது.

அழகமுத்து காலை நீட்டி உட்கார்ந்தான். முழங்காலுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே காற்று போனது. அப்போதும் அவன் மனம் ஆறவில்லை. முதுகுச் சாய்மானத்தின் பிடியை இழுத்து, இன்னும் ஒரு பல் பின்னால் சாய்த்தான்.

"டேய்! முனி?" என்று கத்தினார் துரை, நாய் வாலுக்குள்ளிருந்து.

"முன்னால தள்ளத்தாங்க ஆகாது தொர" என்றான் அழகமுத்து. "பின்னால போனா முனி ஒண்ணும் சொல்லாதுங்க."