போனில் கழுத்து நிறுத்தும் வேலை

கையால் செய்யவேண்டிய வேலையை வாயால் செய்வது என் தொழில். பெருமூளை வாதம் உள்ள கைக்குழந்தைகளுக்கு என்ன பயிற்சி கொடுப்பது என்று வீடியோ காலில் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். போனில் அம்மாவுக்கு ஓ.டி.பி. பார்க்கக் கற்றுக்கொடுத்து நொந்தவர்கள் எல்லோரும் என் இனம்.

முதல் வாரம்

பிள்ளைப்பாக்கத்தில் வாடகைக்கு இருக்கும் ஸ்டெல்லாவின் மகளுக்கு எட்டு மாதம். கழுத்து நிற்கவில்லை. சுருட்டிய டவலை நெஞ்சுக்கடியில் வைத்து, குப்புறப் போட்டு, கிலுகிலுப்பையைக் காட்டித் தலையைத் தூக்க வைக்கவேண்டும். நானும் தொண்டை கிழியச் சொன்னேன். ஸ்டெல்லா போனைத் தரையில் வைத்துவிட்டதால், எனக்குத் தெரிந்ததெல்லாம் சீலிங் ஃபேன்தான்.

கடைசியில் வீட்டுக்கார அம்மா போனைக் கையில் எடுத்தார். “ஃபேன் நல்லாத்தான் ஓடுது மேடம். நீ கொயந்தையப் பாரு.”

பெண்டிங்

காலையில் பத்து முறை ஸ்டெல்லா, மாலையில் பத்து முறை அவள் கணவர் அந்தோணி என்று பிரித்துக்கொடுத்தேன். அந்தோணிக்குத் தூத்துக்குடிப் பக்கம். வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் வேலை. ஒருநாள் மாலை வீடியோ கால் போட்டால் குழந்தை விறைத்துப்போய் வீறிடுகிறது. ஒரே மூச்சில் நாற்பது முறை செய்திருக்கிறார். கோபத்தில் நன்றாகத் திட்டிவிட்டேன்.

அவர் நிதானமாக விளக்கினார். “மூணு நாளா ஓ.டி. நிக்கச் சொல்லிட்டாவ மேடம். முப்பது பெண்டிங். பெண்டிங் வைக்கக் கூடாதுல்லா?”

நாலு நாள் மௌனம்

ஒருநாள் ஸ்டெல்லா நேராகவே கேட்டாள், மகள் எப்போது நடப்பாள் என்று. நடப்பாளா என்பதையே இப்போது சொல்ல முடியாது, இந்த வயதில் விடாமல் செய்தால் முடிந்தவரை தேறுவாள் என்றேன். உண்மைதான். ஆனால் உண்மையைக் கேட்டு யாரும் குளிர்ந்துபோனதாகச் சரித்திரம் இல்லை. போன் கட்டானது. நாலு நாள் அவள் எடுக்கவே இல்லை. இந்த மாதங்களை விட்டால் திரும்பக் கிடைக்காது என்று நான்தான் விடாமல் போட்டுக்கொண்டே இருந்தேன்.

ஐந்தாம் நாள், கம்பெனி கேட்டில் போனை ஒப்படைக்கும் முன் அந்தோணி கூப்பிட்டார். ‘ஒண்ணும் ஆகாதுன்னா எதுக்கு இந்தப் பாடு, ஊருக்கே போயிருவோம்’ என்று ஸ்டெல்லா அழுகிறாளாம். தான் பேசிச் சம்மதிக்க வைத்துவிட்டதாகவும், திங்கட்கிழமை கால் போடும்படியும் சொன்னார். அவளிடம் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

“எங்க லைன்ல டார்கெட் வராத ஆள மாத்திருவாவ. இவள யாரோட மாத்த? அதத்தான் சொன்னேன் மேடம்.”

இருபது நொடி

மூன்றாம் மாதம், ஒரு காலை வகுப்பு. ஸ்டெல்லா கிலுகிலுப்பையை ஆட்டினாள். குழந்தையின் தலை எழுந்தது. அப்படியே நின்றது. நான் எண்ண ஆரம்பித்தேன். ஐந்து, பத்து, இருபது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம்தான் கவனித்தேன்: கிலுகிலுப்பையும் அந்தரத்தில் அசையாமல் நிற்கிறது. நின்றது கழுத்து அல்ல, நெட். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அசடு வழிய உட்கார்ந்திருந்தேன்.

லைன் திரும்ப வந்தபோது ஸ்டெல்லா சிரித்துக்கொண்டிருந்தாள். அவளை நான் அப்படிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. “நீங்கதான் அசையாம நின்னிய மேடம். இவ நெசமாவே தூக்கினா, ஆறு எண்ணினேன். அவுகள்ட்ட சொல்லிராதிய. சாயங்காலம் வந்து அவுகளே பாக்கட்டும்.”

மூன்று மாதம் கத்தினால் ஆறு நொடி கிடைக்கும் தொழில் இது. அதையும் சாயங்காலம்வரை வெளியே சொல்லக் கூடாது.