சந்திரமதியின் இருமல்

அறுபதுகளின் கடைசியில் போர்ட் பிளேரில் வெங்காய விலையைத் தீர்மானித்தது சர்க்கார் அல்ல, சந்திரமதியின் தொண்டை. வானொலி நிலையத்தில் தட்டச்சராக இருந்தவன் என்ற முறையில் இதை நான் சொல்லலாம். அவளுடைய ஒப்பந்தத்தை மூன்று மாதத்துக்கு ஒரு முறை அடித்துக் கொடுத்தவனே நான்தான்.

திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். மரைன் ஹில்லில் வீடு. மாலையில் தமிழ் அறிவிப்புகள் வாசிக்க வருவாள். கேஷுவல் வேலை. ஒப்பந்தம் அறுபடாமல் ஓடினால்தான் நிரந்தர வேலைக்கு எழுதிப்போட முடியும். நடுவில் ஒரு முறை அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒப்பந்தத்தில் இரண்டு விதிகள் முக்கியம். எழுதிக் கொடுத்ததில் ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஒரு நாள் வராவிட்டாலும் ஒப்பந்தம் ரத்து. காய்ச்சல், பிரசவம், சாவு பற்றிப் பேச்சே இல்லை. அதை எழுதியவர்கள் வீட்டில் அதெல்லாம் நடப்பதில்லை போலும்.

வம்பு வந்தது கப்பல் அறிவிப்பில். மெட்ராஸ் கப்பல் வந்தால்தான் ஊருக்குத் தபால், வெங்காயம், சொந்தக்காரர்கள் எல்லாம். நாளை கப்பல் வரும் என்று கப்பல் ஆபீஸ் காகிதம் காலையிலேயே வந்துவிடும். மாலைக்குள் கடல் மனசு மாறியிருக்கும், காகிதம் மாறாது. அவள் கணவன் உதயசூரியனுக்குத் துறைமுக வயர்லெஸ்ஸில் வேலை. அவனுக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரியும்.

"சார், கப்பல் புயலுக்கு ஒதுங்கி நிக்குதாம். நாளைக்கு வராது" என்று நிலைய இயக்குநர் பாலசுப்பிரமணியத்திடம் சொன்னாள்.

"எழுத்துல வரட்டும்மா, மாத்திடலாம்."

எழுத்தில் வருவதற்குள் ஆபீஸ் பூட்டிவிடும். இருந்ததை வாசித்தாள். மறுநாள் சிப்பிகாட் கிராமத்திலிருந்து பிள்ளைகுட்டிகளோடு வந்தவர்கள், கப்பல் வந்து அணையும் ஜெட்டியில் மழையில் நனைந்துவிட்டுத் திரும்பினார்கள். அவளுக்கு அது பொறுக்கவில்லை. அடுத்த முறை, காகிதத்தை அட்சரம் பிசகாமல் வாசித்துவிட்டு, கடைசியில் லேசாக இருமினாள்.

சில தடவை இப்படி ஆனதும் ஊர் புரிந்துகொண்டது. டாலிகஞ்ச் மளிகைக்காரர் பக்தவத்சலம், இருமல் கேட்டதும் "ஜஹாஜ் நஹீ ஆயேகா", கப்பல் வராது என்று இந்தியில் பொதுவாகச் சொல்லிவிட்டு வெங்காயத்தின் விலையை ஏற்றுவார். ஒருநாளும் ஏமாந்ததில்லை. நிலையத்தில் மட்டும் யாருக்கும் எதுவும் தெரியாது. மேலிடத்திலிருந்து கேட்டபோது, அப்படி ஒரு இருமலே கிடையாது என்று பாலசுப்பிரமணியம் பதில் எழுதினார். அதையும் நான்தான் அடித்தேன்.

அந்த வருஷ மழையில் சந்திரமதிக்கு நிஜமாகவே சளி பிடித்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கும் வாரம். வராமல் இருக்க முடியாது. சுக்கும் மிளகும் தட்டிக் குடித்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"கப்பல் வருதாம்மா?" என்று கேட்டேன்.

"கண்டிப்பா வருதுண்ணே. அவுக இப்பத்தான் சொன்னாக. இன்னைக்கு மட்டும் இருமிறக் கூடாது, கடவுளே."

கடவுள் வேறு ஏதோ வேலையாக இருந்தார். "நாளை காலை துறைமுகம் வந்தடையும்" என்று முடித்தாள். அடுத்த நொடி, உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வருகிற மாதிரி ஒரு இருமல். ஊர் இதுவரை கேட்டிராத அளவு.

மறுநாள் கப்பல் சொன்ன நேரத்துக்கு வந்தது. ஜெட்டியில் காக்கை குருவி இல்லை. இறங்கியவர்களில் ஒருத்தி சுசீலா, நம் இயக்குநரின் மனைவி. டிரங்குப் பெட்டி மேல் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, அரிசி லாரியில் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அந்த வீட்டுப் பேச்சு சாயங்காலமே ஆபீசுக்கு வந்துவிட்டது.

"கப்பல் வர்றத ரேடியோல சொல்லலையா?"

"சொன்னாங்க."

"அப்புறம் ஏன் வரலை?"

மனிதர் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாராம்.

அடுத்த நாள் விசாரணை. குறிப்பெடுக்க நான்.

"எதுக்கும்மா இருமினீங்க?"

"சளி சார்."

"சளின்னா வீட்ல இருக்கணும்."

"இருந்தா ஒப்பந்தம் போயிரும் சார். இத்தனை வருஷம் அறுபடாம இழுத்துக்கிட்டு வந்திருக்கேன்."

சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. விதியை மீறினாள் என்று எழுதினால் வேலை போய்விடும். ஆனால் என்ன விதி? இருமலை நம்பித்தான் ஜெட்டிக்குப் போகவில்லை என்று இயக்குநர் முதலில் எழுத வேண்டும். இல்லாத இருமலை நம்பி ஏமாந்தேன் என்று எந்த அதிகாரி எழுதுவார்?

"புதுப்பிச்சு அடிங்க" என்றார் என்னிடம். "கூட ஒண்ணு சேருங்க. இருமல் இருந்தால் அன்றைக்கு வர வேண்டாம், சம்பளம் கிடையாது, ஒப்பந்தம் தொடரும்."

சந்திரமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த கப்பலுக்குப் புயல் வந்தது. கப்பல் நாளை வரும் என்று காகிதமும் வந்தது. அன்று மாலை சந்திரமதியைக் கடைத்தெருவில் பார்த்தேன். மீன்காரியிடம் உரத்துப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை.

"டூட்டி இல்லையா?"

"இருமல்ணே" என்றாள்.

அவளுக்குப் பதிலாக அறிவிப்பை வாசித்தது சகாயசெல்வி. குரல் கணீரென்று இருந்தது, ஒரு சின்னச் செருமல்கூட இல்லை. வேறு குரல் கேட்டதுமே பக்தவத்சலம் கடையில் வெங்காயம் விலை ஏறியது. பாலசுப்பிரமணியம் டிரைவரைக் கூப்பிட்டு, காலையில் ஜெட்டிக்கு ஜீப் வேண்டாம் என்றார். ஊரில் யாரும் மழையில் நனையவில்லை. அன்றைய சம்பளம் போனது சந்திரமதிக்குத்தான்.