முழங்கால் தண்ணீரில் தோணி

மழைக்காலத்தில் பாளையங்கோட்டைக் கலெக்டர் கச்சேரி குமாஸ்தாக்கள்கூட என் தோணிக்காகக் கரையில் காத்துக்கிடப்பார்கள். சித்திரையில் தாமிரபரணி முழங்காலளவு வற்றிவிடும். எல்லோரும் நடந்தே கடப்பார்கள்; ஒரு பயல் என்னைத் திரும்பிப் பார்க்கமாட்டான். மனைவி இறந்தபின் வீட்டிலும் பேச ஆளில்லை.

அப்படியொரு கோடையில், தயிர் விற்கும் பெண்ணொருத்தி பானையோடு தோணியில் ஏறி உட்கார்ந்தாள்.

“நடந்தே போலாமே, தாயி?” என்றேன்.

“மழையில ஒம்ம தோணியில ஒரே நெரிசலு அண்ணாச்சி. ரெண்டு வார்த்த பேச முடியுதா? எனக்கும் வீட்டுல ஆளில்ல. பைய தள்ளும்.”

இறங்கி, மணல் உரச உரசத் தள்ளினேன். அக்கரை சேரும்வரை தன் எருமையின் சேட்டைகளையே சொன்னாள். வெகுநாளைக்குப்பின் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஐப்பசியில் ஆறு நிறைந்தது, தோணியும் நிறைந்தது. கூட்டத்தின் நடுவே அவள் பானையை அணைத்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தாள். தோணிக்காரனான நான், ஆறு வற்றும் நாளுக்காக ஏங்கிக்கொண்டே துடுப்புப் போட்டேன்.