மெட்டி இல்லாத ஆறு வாரங்கள்

எங்கள் வீட்டில் சும்மா இருக்கத் தெரியாதவர்கள் மூன்று பேர். அதாவது அப்பா, அம்மா, நான். அப்படிப்பட்ட வீட்டில் அம்மாவுக்கு இடுப்பு மூட்டை மாற்றி வைக்க வேண்டும், பிறகு மூன்று மாதம் குனியாமல் நிமிராமல் அடங்கி இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, அம்மாவைவிட அப்பாவும் நானும்தான் அதிகம் பயந்தோம். எனக்கு அப்போது பத்து வயது.

அம்மா சிராங்கூன் ரோட்டில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்தாள். கீழ்த்தட்டிலிருந்து புடவை எடுத்துக் காட்ட நாள் முழுக்க உட்கார்ந்து எழுந்தவள், நாற்பத்தாறு வயதில் நாலு படி ஏறக் கைப்பிடியைத் தேடினாள். அப்பாவுக்குச் சாங்கியில், விமான நிலையச் சரக்குப் பிரிவில் வேலை. எந்தச் சிக்கலுக்கும் உலகத்தில் எங்கேயோ ஒரு சாமான் விற்கிறது என்பது அவருடைய நம்பிக்கை. அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்த அன்றே வாங்க ஆரம்பித்துவிட்டார். கட்டில் கால்களை உயர்த்த மரக்கட்டைகள் வந்தன. கழிவறைக்கு உயரமான இருக்கை வந்தது. குனியாமல் காலுறை மாட்ட ஒரு பிளாஸ்டிக் சமாச்சாரமும், கீழே விழுந்ததை எடுக்க நுனியில் கிடுக்கி வைத்த நீளக் கோலும் வந்தன. தேக்காவில் இருந்த எங்கள் சின்ன வீட்டில் நடக்க இடமில்லை.

நானும் என் பங்குக்கு ஸ்கேலை எடுத்துக்கொண்டு நாற்காலிகளை அளந்தேன். முழங்காலைவிடத் தாழ்வான எதிலும் அம்மா உட்காரக் கூடாது என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார். சோபா தேறவில்லை. அதன் மேல் ‘உட்காரக் கூடாது’ என்று எழுதி ஒட்டினேன். அப்பா அதில்தான் உட்காருவார். இரண்டு நாள் அவரையும் உட்கார விடவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய மாலை, உடம்பில் நகை எதுவும் இருக்கக் கூடாது என்று அங்கே கொடுத்த பட்டியலைப் பார்த்து அப்பா படித்தார். அம்மா வளையலையும் தோட்டையும் கழற்றினாள். தாலிச் சங்கிலியைக் கழற்றிச் சாமிப் படத்தின் முன்னால் வைத்தாள். மிச்சம் மெட்டிதான். காலை அப்பாவின் பக்கம் நீட்டினாள்.

“கொஞ்சம் கழட்டி விடுங்களேன். என்னால குனிய முடியல.”

அப்பா பட்டியலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பாப்பா, அம்மாவுக்கு ஹெல்ப் பண்ணு.”

நான் தேங்காய் எண்ணெய் தடவித் திருகித் திருகிக் கழற்றினேன். மெட்டி இருந்த இடத்தில் விரலைச் சுற்றி வெளிறிய கோடு இருந்தது. இரண்டையும் காலிக் குங்குமச் சிமிழில் போட்டு மூடினேன். எனக்கு ஒரே பெருமை.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஐந்தாம் நாள் அம்மா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கால் மேல் கால் போடக் கூடாது, குனியக் கூடாது, புதுக் காலை உள்பக்கம் திருப்பக் கூடாது. அம்மா மூன்றையும் மதித்தாள். ஆனால் ஓர் இடத்தில் இருக்கவில்லை. டக் டக்கென்று வாக்கரோடு சமையலறைக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள். வந்த இரண்டாம் நாளே தாலியையும் தோட்டையும் தானே போட்டுக்கொண்டாள். மெட்டி மட்டும் சிமிழில் கிடந்தது.

“நான் போட்டு விடட்டுமா?” என்று கேட்டேன்.

“வேணாம். அது இருக்கட்டும்.”

சிமிழைச் சாப்பாட்டு மேசையில், அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்பா அதைத் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிட்டார். மறுநாளும் அது அவர் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

“என்னாலதான் குனிய முடியாதே” என்றாள் அம்மா, யாரிடம் என்று இல்லாமல்.

“அவசரம் ஒண்ணும் இல்ல லா” என்றார் அப்பா. “இதுக்கும் ஏதாவது விக்கிறாங்களான்னு ஆன்லைன்ல பாக்குறேன்.”

அம்மா எழுந்து வாக்கரை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய்விட்டாள். அவள் முதுகைப் பார்த்தே கோபம் தெரிந்தது. வலிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாவது வாரம் அத்தை, அப்பாவின் தங்கை, பார்க்க வந்தாள். ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு நேரே அம்மாவின் காலைப் பார்த்தாள். “என்ன அண்ணி, கால் வெறுமனே இருக்கு? அண்ணன் ஏர்ப்போர்ட்ல அவ்வளவு பெரிய பெட்டிங்களுக்கு நடுவுல நிக்கிறாரு. பாத்து அண்ணி.”

அம்மா சிரித்துச் சமாளித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து வீட்டின் மேல் விமானம் பறந்தால் ஜன்னலுக்கு ஓடினேன். அப்பா லிப்டை விட்டு இறங்கும் சத்தம் கேட்கும்வரை வாசலுக்கும் மேசைக்கும் அலைந்தேன். சிமிழைத் திறந்து பார்ப்பேன், மூடுவேன். அந்த இரண்டு வளையங்களில் அப்பாவின் உயிர் இருப்பதாகவே நம்பினேன்.

ஆறாவது வாரம் ஒரு மதியம் பேய் மழை. மூன்று மணிக்கு வர வேண்டிய அப்பா நாலரை ஆகியும் வரவில்லை. போன் எடுக்கவில்லை. அம்மா முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். இடி ஒன்று இடித்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சிமிழை எடுத்து வந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, இரண்டு கால்களிலும் மெட்டியை மாட்டிவிட்டேன்.

கால் மணி நேரத்தில் அப்பா சொட்டச் சொட்ட வந்து நின்றார். மின்னலுக்காக எல்லோரையும் உள்ளேயே நிறுத்தி வைத்துவிட்டார்களாம். நான்தான் அவரைக் காப்பாற்றினேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அம்மா விழித்து, தன் காலைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வாசலில் தலை துவட்டிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தாள்.

அப்பாவும் அவள் காலைப் பார்த்தார். “அட, போட்டாச்சா? யாரு, பாப்பாவா? நல்லதாப் போச்சு.”

“ஆமா” என்றாள் அம்மா. “போட்டாச்சு.”

அன்று மாலை முழுவதும் நடைக்கூடத்தில் வாக்கர் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கால் தேறிவிட்டது, அதுதான் இவ்வளவு நடக்கிறாள் என்று எனக்குச் சந்தோஷம்.

எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு கல்யாணப் படம் உண்டு. அம்மாவின் கால் அம்மி மேல் இருக்கும். தலை நிறைய முடியோடு அப்பா குனிந்து மெட்டி போடுவார். அம்மா அவருடைய உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதன் கீழே உட்கார்ந்துதான் தினமும் வீட்டுப்பாடம் எழுதினேன். மெட்டியைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்ட எனக்கு, அந்தப் படத்தை நிமிர்ந்து பார்க்கத் தோன்றவில்லை.

போன வருஷம் அம்மாவுக்கு இடது இடுப்பையும் மாற்றினார்கள். மெட்டியை நர்ஸ் கழற்றியதாக அம்மா சொன்னாள். வீட்டுக்கு வந்த பின் நான் போட்டு விடவா என்று கேட்டதற்கு, “நீ உன் வேலையப் பாரு” என்றாள். அப்பாவுக்கு இப்போது முழங்கால் வலி. தரையில் உட்கார்ந்தால் எழ இரண்டு கையும் ஊன்ற வேண்டும்.

அதற்கடுத்த சனிக்கிழமை மீன் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், காலில் மெட்டி. வலது கால் மெட்டியில் பூ அடிப்பக்கம் திரும்பி இருந்தது. சரி செய்யலாம் என்று குனிந்தேன்.

அம்மா காலை மெல்லப் பின்னால் நகர்த்திக்கொண்டாள்.